பி.ஏ. பொருளாதாரம்: படித்தவர்களும் வேலை கொடுப்பவர்களும் என்ன சொல்கிறார்கள்?

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றால் கல்லூரியில் எல்லாத் துறைகளும் அலைந்து தேடும் தாள்களில் ஒன்று, வேலை கொடுப்பவரின் கருத்துப் படிவம். பாடத்திட்டம் பற்றி மாணவர், ஆசிரியர், முன்னாள் மாணவர், வேலை கொடுப்பவர் என்று நான்கு தரப்பிடமும் கருத்து வாங்க வேண்டும், அதை வைத்து என்ன செய்தோம் என்றும் காட்ட வேண்டும் என்பது மதிப்பீட்டு அளவுகோல்களில் இருக்கிறது. 2017இல் வந்த மாற்றத்தில் மாணவர் திருப்தி ஆய்வும் சேர்ந்துகொண்டது. நல்ல விதிதான். மூன்று வருடம் படித்தவரையும் அவரை வைத்து வேலை வாங்குபவரையும் கேட்காமல் ஒரு படிப்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யார் சொல்ல முடியும்?

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் பொருளாதாரம் நடத்துகிறேன். எங்கள் துறைக்கு வரும் படிவங்களைத் தொகுப்பது ரொம்ப நாளாக என் பொறுப்பு. தாள்களைப் புரட்டினால் 'மிகவும் திருப்தி', 'திருப்தி' என்ற கட்டங்களில்தான் டிக் விழுந்திருக்கும். அதே ஆட்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துக்கொண்டே பேசினால் வேறு சங்கதிகள் வெளியே வரும். அந்தச் சங்கதிகளைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில், படிவம் யாரிடம் போகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் மாணவரை வேலைக்கு எடுத்துக்கொண்ட நிறுவனத்திடம் போகிறது. பிடித்துப்போய்த்தானே எடுத்திருக்கிறார்கள், திருப்தி என்றுதான் எழுதுவார்கள். இன்டர்வியூவின் முதல் சுற்றிலேயே எங்கள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர்களிடம் படிவம் போவதே இல்லை. முன்னாள் மாணவர் கூட்டமும் அப்படித்தான். நல்ல வேலையில் இருப்பவர் வருவார், மேடையில் பேசுவார். வேலை கிடைக்காதவர் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார். மாதிரி எடுப்பதில் வரும் பிழைகளை இரண்டாம் ஆண்டுப் புள்ளியியல் தாளில் பாடமாகவே நடத்துகிறோம். நாங்கள் நடத்தும் ஆய்வில் அந்தப் பாடத்தைக் கடைப்பிடிப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் 'பொருளாதாரம் படித்தவர் தேவை' என்று விளம்பரம் கொடுப்பதில்லை. 'ஏதாவது ஒரு டிகிரி' என்றுதான் போடுகிறார்கள். நுண்கடன் நிறுவனக் கிளை, துணிக்கடையின் கணக்குப் பிரிவு, காப்பீட்டு முகவர் அலுவலகம், மருத்துவமனையின் பில்லிங், சந்தை ஆய்வு நிறுவனத்தின் களப்பணி என எங்கள் மாணவர்கள் போகும் இடங்கள் இவை. அங்கே உள்ள மேலாளருக்கு இந்தப் பெண் பொருளாதாரம் படித்தாளா வரலாறு படித்தாளா என்பது நினைவில் இருக்காது. ஆளைப் பற்றிய திருப்தியைச் சொல்வார். படிப்பைப் பற்றி அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. பொருளாதாரம் என்றே பெயர் சொல்லிக் கேட்கும் வேலைகளும் இருக்கின்றன. இந்தியப் பொருளாதாரப் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ரிசர்வ் வங்கி தன் பொருளாதார ஆய்வுத் துறைக்குத் தனியாக ஆள் எடுக்கிறது. இரண்டுக்குமே முதுகலை வேண்டும். நல்ல முதுகலைக்குப் போக கணிதம் வேண்டும். எங்கள் வகுப்பில் பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இது எல்லா ஊரிலும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் பொருளாதாரம் சேரப் பள்ளியில் கணிதம் படித்திருப்பது கட்டாயம். அங்கே அது போட்டி போட்டுச் சேரும் படிப்பு. இங்கே கலந்தாய்வு நாளில் பி.காம். நிரம்பும், கம்ப்யூட்டர் சயின்ஸ் நிரம்பும், அப்புறம்தான் எங்கள் பக்கம் பார்ப்பார்கள். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது இரண்டு வேறு படிப்புகள். எங்களிடம் வருபவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் (கல்லூரி வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் எத்தனை பேர் என்ற அளவு) 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 சதவீதம். அந்த இடைவெளியில் எங்கள் வகுப்பறைகளுக்கும் பங்கு உண்டு. அதில் எனக்குப் பெருமைதான். அதனாலேயே, உள்ளே வந்த பிள்ளைக்கு என்ன கொடுத்து அனுப்புகிறோம் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

நுண்கடன் நிறுவனத்தில் கிளை மேலாளராக இருக்கும் பழைய மாணவி ஒருத்தி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேம், வட்டிக் கோட்பாடுன்னா செவ்வியல், கெயின்ஸ், கடன்நிதி எல்லாம் இப்பவும் பத்து மார்க்குக்கு எழுதுவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு அக்கா வந்து, 'பிளாட்டுன்னு போட்டிருக்கே, அப்படின்னா எவ்வளவு வட்டி பாப்பா?'ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல."

அந்த அக்காவின் கேள்வியை மறு வாரமே வகுப்பில் போட்டேன். 10,000 ரூபாய் கடன். பிளாட் 12 சதவீதம், அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி. ஒரு வருடம், மாதத் தவணை. வட்டி 1,200 ரூபாய். மொத்தம் 11,200 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் தவணை 933 ரூபாய் சொச்சம். ஆனால் 10,000 ரூபாயும் வருடம் முழுக்க அந்த அக்கா கையில் இல்லையே? முதல் மாதமே அசல் குறையத் தொடங்கிவிடுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் உண்மையான விகிதம் வருடத்துக்குச் சுமார் 21.5 சதவீதம். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு பையன் வீட்டுக்குப் போய் அப்பா எடுத்திருந்த கடனின் அட்டையைக் கொண்டுவந்தான். அதற்கப்புறம் கெயின்ஸின் நீர்மை விருப்பத்தை, அதாவது மக்கள் ஏன் பணத்தைக் கையிலேயே வைத்திருக்க விரும்புகிறார்கள் என்ற கோட்பாட்டை நடத்தியபோது, கையில் காசு வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை விளக்க எனக்கு அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

கோட்பாட்டைக் குறைத்துவிட்டுத் தொழில் கற்றுக்கொடுங்கள் என்று அந்த மாணவியும் கேட்கவில்லை, அவளுக்கு மேல் இருக்கும் மண்டல மேலாளரும் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேலை கொடுப்பவர்களின் கருத்து என்றாலே 'சிலபஸில் பாதியைத் தூக்கிவிட்டு டேலி, எக்செல் வையுங்கள்' என்பதுதான் என்று ஆசிரியர்கள் பலர் பயப்படுகிறார்கள். எனக்குக் கிடைத்த பதில்களில் அப்படிச் சொன்னவர்கள் குறைவு. பெரும்பாலோர் சொல்வது இதுதான்: ஒரு எண்ணைக் கொடுத்தால் அது என்ன சொல்கிறது என்று இரண்டு வரி எழுதத் தெரியவில்லை. அட்டவணையைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். சொந்தமாக ஒரு பக்கம் எழுதச் சொன்னால் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள்.

கம்யூனிகேஷன் சரியில்லை என்ற புகாரும் வரும், தவறாமல் வரும். இந்தச் சொல்லை நான் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. தோண்டிக் கேட்டால் இரண்டு தனித்தனி விஷயங்கள் கிடைக்கும். ஒன்று ஆங்கிலம். மற்றது, தெளிவாக விளக்குவது. எங்கள் தமிழ்வழி மாணவர்களில் பணவீக்கத்தை மளிகைக்கடைச் சீட்டை வைத்தே அழகாக விளக்குபவர்கள் உண்டு. இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் கேட்டதும் அதே பிள்ளைகள் வாயடைத்துப் போகிறார்கள். இவர்களையும், எந்த மொழியிலுமே விளக்க வராதவர்களையும் ஒரே கட்டத்தில் டிக் போட்டால் இருவருக்கும் உதவ முடியாது. நுண்கடன் குழுக் கூட்டத்தில் இருபது பெண்களுக்குத் தவணைக் கணக்கைப் புரிய வைப்பது தமிழில் நடக்கும் வேலை. அங்கே நல்ல தமிழ்தான் கம்யூனிகேஷன். அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இருக்கிறது. ஆனால் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத முடியும். ஆகவே ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தமிழில் தெளிவாக எழுதிப் பழகியவருக்கு ஆங்கிலம் பின்னால் ஏறும். கைடு பார்த்து மனப்பாடம் செய்தவருக்கு இரண்டுமே ஏறாது.

2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டனில் இதே கேள்வி பெரிதாக எழுந்தது. அந்த நவம்பரில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குப் போன எலிசபெத் ராணி, இது வரப்போவதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டது உலகச் செய்தி ஆனது. 2012 பிப்ரவரியில் அந்த நாட்டின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தும் அந்த நாட்டு அரசின் பொருளாதாரப் பணியும் சேர்ந்து, பொருளாதாரப் பட்டதாரிகள் வேலைக்குத் தகுதியாக வருகிறார்களா என்று விவாதிக்க ஒரு மாநாடே நடத்தின. பொருளாதார நிபுணர்களை அதிகம் வேலைக்கு எடுக்கும் இடங்கள் அவை. மான்செஸ்டர் பல்கலைக்கழக மாணவர்கள் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லி ஒரு சங்கம் தொடங்கினார்கள், 2014இல் அறிக்கையும் வெளியிட்டார்கள். பொருளாதாரப் பேராசிரியர் வெண்டி கார்லின் முன்னின்று நடத்தும் கோர் என்ற திட்டம் புதிய முறைப் பாடநூலை இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறது. பிரிட்டனில் சொன்ன குறை, கணித மாதிரிகள் அதிகம், பொருளாதார வரலாறும் நடப்பு உலகமும் குறைவு, நிபுணர் அல்லாதவருக்கு விளக்கத் தெரியவில்லை என்பது. எங்களிடம் கணிதமே கிடையாது. நேர் எதிரான இரண்டு வழிகளில் படித்து வந்தவர்கள் மீது கிட்டத்தட்ட ஒரே புகார் வருகிறது என்பதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். கணித மாதிரியைப் போட்டுப் பழகினாலும் சரி, பத்து மார்க் விடையை எழுதிப் பழகினாலும் சரி, தெருவில் இறங்கி ஒரு எண்ணைச் சேகரித்து அதை நம்பலாமா என்று பார்க்கும் பழக்கம் இரண்டிலும் வருவதில்லை.

இந்தப் பழக்கத்தை வெளியூரிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் தொடங்கியதே அப்படித்தான். அங்கே இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போகும்போது அந்த ஊரை ஆய்வு செய்து வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, என்ன சாகுபடி, கடன் எங்கே வாங்குகிறார்கள் என்று அவர்கள் எழுதி வந்தது 1918இல் நூலாக வந்தது. தஞ்சைப் பக்கம் பாலக்குறிச்சி, நெல்லைப் பக்கம் கங்கைகொண்டான், அப்போதைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், வட ஆர்க்காட்டு துசி, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் அதில் இருக்கின்றன.

அந்த மாணவர்கள் செய்த வேலை அதோடு முடியவில்லை. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறு ஆய்வுக்குப் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மெஞ்சரும் இருவேல்பட்டைப் பற்றி எழுதினார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் அங்கே மறுபடி போனார்கள். ஒரே கிராமத்தைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பின்தொடரும் ஆய்வுகள் உலகத்திலேயே அதிகம் கிடையாது. அந்த ஜெயரஞ்சன் பின்னால் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் ஆனார். அந்தக் குழு 2025 மார்ச்சில்தான் தமிழ்நாட்டின் முதல் பொருளாதார ஆய்வறிக்கையைக் கொண்டுவந்தது. இருவேல்பட்டுக்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆனாலும் எங்கள் சிலபஸில் ஸ்லேட்டர் பெயர் இல்லை. எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இது.

சரி, இப்போது என்ன செய்ய முடியும்? ஸ்லேட்டரின் மாணவர்களுக்கு இல்லாத ஒன்று எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் தன் ஆய்வுகளின் மூலத் தரவை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 2017இலிருந்து நடக்கும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, 2022-23 வீட்டுச் செலவு ஆய்வு எல்லாம் வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் வரிசையாகக் கிடைக்கும். மூன்றாம் ஆண்டு மாணவர்களோடு கணினி ஆய்வகத்தில் இந்தத் தொழிலாளர் ஆய்வுக் கோப்பைத் திறப்பது என் வழக்கம். திறந்ததும் வெறும் எண்களாகத்தான் தெரியும், இடைவெளிகூட இருக்காது. எத்தனையாவது இடத்தில் வயது, எத்தனையாவது இடத்தில் கல்வி என்று சொல்லும் தனித் தாளைப் பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எடை உண்டு. அந்த ஒரு ஆள் மக்கள் தொகையில் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்பது அது. எடையைச் சேர்க்காமல் சராசரி எடுத்தால் ஒரு விடை, சேர்த்து எடுத்தால் வேறு விடை. புத்தகத்தில் நிறையிட்ட சராசரிக்குக் கணக்குப் போட்டவர்கள், அது எதற்கு என்று இங்கேதான் பார்க்கிறார்கள்.

அந்தக் கோப்பில் ஒவ்வொருவர் என்ன வேலை செய்கிறார் என்பதற்கு எண் குறியீடு உண்டு. 11 என்றால் சொந்தத் தொழில். 21 என்றால் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர். 31 மாதச் சம்பளம். 51 தினக்கூலி. 81 வேலை தேடுபவர். 92 வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர். ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். "மேம், எங்க அம்மா ரெண்டு மாடு வச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்துறாங்க. அவங்களுக்கு எந்த நம்பர்?" 11 அல்லது 21 வர வேண்டும் என்றேன். "ஆனா ஆய்வுக்கு வர்றவரு எங்க அப்பாகிட்டதானே கேப்பாரு? அவரு 'சும்மா வீட்டுலதான் இருக்கா'ன்னு சொல்லுவாரு. அப்ப 92ன்னு போட்டுடுவாங்களா?"

போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. நாட்டில் பெண்களின் வேலைப் பங்கேற்பு விகிதம் பற்றி அறிஞர்கள் வாதாடுவதில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். அந்தப் பெண் அதன் பிறகு தன் தெருவில் மாடு வளர்க்கும் வீடுகளில் பெண்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னதையும் வீட்டு ஆண்கள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சின்ன அறிக்கை எழுதினாள். இன்டர்வியூவுக்கு அந்த அறிக்கையைத்தான் எடுத்துப் போனாள். சந்தை ஆய்வு நிறுவனத்தில் களப்பணி மேற்பார்வையாளர் வேலை. அவளை எடுத்தவர் போனில் என்னிடம், "மேடம், கேள்வியை யார்கிட்ட கேக்கணும்னு தெரிஞ்ச பொண்ணு" என்றார். எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

நான் முதல்வன் திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து திறன் பயிற்சிகள் கல்லூரிக்குள்ளேயே வருகின்றன. நல்லது. ஆனால் எக்செல் தனி வகுப்பு, பொருளாதாரம் தனி வகுப்பு என்று இருக்கும் வரை பயன் பாதிதான் என்பது என் கருத்து. எக்செல்லை இந்தத் தொழிலாளர் ஆய்வுக் கோப்பிலும், ஊர்ப் பால் சொசைட்டியின் கணக்கிலும் பழகட்டும். அதற்குப் பாட ஆசிரியர் கூடவே உட்கார வேண்டும். 75 மார்க்கும் எழுத்துத் தேர்வுக்கே என்றால் எந்த ஆசிரியருக்கும் அதற்கு நேரம் இருக்காது. ஒரு தாளையாவது களஆய்வுக்கும் அறிக்கைக்கும் முழுதாக விடுங்கள் என்று பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

92 என்ற அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் முன்னாள் மாணவர் பதிவேடு நினைவுக்கு வருகிறது. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். படிப்பு முடிந்ததும் கல்யாணமாகிப் போனவர்களின் பெயருக்கு நேரே பிளேஸ்மென்ட் கட்டம் காலியாக இருக்கும். அவர்களுக்குத் திருப்திப் படிவமும் போவதில்லை, ஏனென்றால் 'தற்போதைய பணி' என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். அவர்களில் ஒருத்தி மகளிர் குழுவின் கணக்கைப் பார்க்கிறாள். இன்னொருத்தி கணவர் கடையின் ஜி.எஸ்.டி. முழுவதையும் தானே கவனிக்கிறாள். மூன்றாமவள் வேலைக்குப் போக ஆசைப்பட்டு, டெட் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் படிக்கிறாள். பொருளாதாரம் படித்தது உனக்கு எதற்காவது உதவியதா என்று இந்த மூன்றாமவளிடம் கேட்டேன். வீட்டுக் கடனை எந்த வங்கியில் எடுப்பது என்று முடிவு செய்தது தான்தான் என்றாள். வீட்டில் அவள் பேச்சுக்கு மதிப்பு வந்தது அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதானாம். படித்தவர் திருப்தியை அளக்கிறோம் என்றால் இவளைக் கேட்காமல் அளக்க முடியாது.

இந்த வருடம் படிவத்தைத் துறை அளவில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். டிக் போடும் கட்டங்களைக் குறைத்து, எழுதும் இடத்தைக் கூட்டியிருக்கிறோம். வேலை கொடுப்பவரிடம் 'திருப்தியா' என்று கேட்பதற்குப் பதில், எங்கள் மாணவர் சேர்ந்த பிறகு எந்த வேலையை நீங்கள் முதலிலிருந்து கற்றுத்தர வேண்டியிருந்தது என்று கேட்கிறோம். படித்தவரிடம் எந்தப் பாடம் எந்தச் சந்தர்ப்பத்தில் கைகொடுத்தது, எது தெரியாமல் முழித்தீர்கள் என்று கேட்கிறோம். வேலையில் இல்லாத பெண்களுக்கும் போனில் கூப்பிட்டு இதே கேள்விகளைக் கேட்கும் வேலையை மூன்றாம் ஆண்டு மாணவர்களே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதையே அவர்களின் களஆய்வாகவும் வைத்துவிட்டேன்.

நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எங்களைப் போன்ற கல்லூரியிலிருந்து வரும் பி.ஏ. பொருளாதார மாணவரைத் திருப்பி அனுப்பும்போது, ஏன் என்று ஒரே ஒரு வரி எழுதி அந்தத் துறைக்கு அனுப்புங்கள். மார்க்கா, கணக்கா, ஆங்கிலமா, எழுத்தா, இல்லை விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிட்டீர்களா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். எடுத்துக்கொண்டவர்களின் நன்றிக் கடிதம் எங்கள் அலமாரியில் நிறைய இருக்கிறது. திருப்பி அனுப்பியவரின் ஒரு வரிகூட இல்லை.